நெல்லைச் சாட்சிக்கு இழுத்தவர்களுக்கு

மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் நான். கவிதை எழுதுவது பழக்கம், கணக்கு எழுதுவது பிழைப்பு. போன மாதம் ஒரு பெரியவர் பாஸ்புக் பதிய வந்தார். பணி ஓய்வு பெற்றவர். ஊரில் நஞ்சை இருக்கிறது, தி.நகரில் வீடு இருக்கிறது. பார்ப்பனர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள் தோழர்களே. தனக்கு மேல்படியில் நிற்பவனைத் திட்டிக்கொண்டே கீழ்ப்படியில் இருப்பவன் தலையில் கால் வைக்கிற சாதி. பிரிண்டர் மக்கர் செய்தது. காத்திருந்த நேரத்தில் பேச்சு பதவி உயர்வு, இடஒதுக்கீடு என்று போய் நின்றது. அவர் சொன்னார்: "தம்பி, விதைநெல் சுத்தமா இருந்தாத்தான் விளைச்சல். பதரை விதைச்சிட்டு எவ்ளோ உரம் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. எல்லாம் ஜீன்ல இருக்கு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, "உங்கள சொல்லல தம்பி" என்றார்.

"உங்கள சொல்லல." இந்த இரண்டு வார்த்தைகளை நம்மில் கேட்காதவர் யார்? கல்லூரியில் கேட்டிருக்கிறோம், ஆபீசில் கேட்டிருக்கிறோம், வாடகைக்கு வீடு தேடும்போது கேட்டிருக்கிறோம். நம்மை மட்டும் தனியே பிரித்தெடுத்து நல்லவன் என்று முத்திரை குத்திவிட்டு, நம் அம்மாவையும் சித்தப்பனையும் பதர் என்று சொல்வதற்குப் பெயர் மரியாதையாம்.

அன்றைக்குக் கவுண்டரில் நான் பதில் சொல்லவில்லை. வரிசையில் இருபது பேர் நின்றார்கள். பதிலை இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மனிதன் நெல் அல்ல. பயிரின் ஜீனை வைத்து மனிதச் சமூகத்தை நிரூபிக்க முடியாது. அந்த வேலையை அவர்கள் செய்கிறார்கள், நான் செய்யப்போவதில்லை. ஆனால் நெல்லைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது அவர்கள். ஏற்றிய பிறகு சாட்சி சொல்வது முழுவதையும் கேட்டுத்தானே ஆகவேண்டும்? பாதி கேட்டுவிட்டு எழுந்து போவது எந்த ஊர் நியாயம்?

பயிர் எப்படி நோயை எதிர்க்கிறது? 1905இல் கேம்பிரிட்ஜில் பிஃபன் என்பவர் கோதுமையின் மஞ்சள் துருநோய் எதிர்ப்பு மெண்டல் சொன்ன விதிப்படியே தலைமுறைக்கு இறங்குகிறது என்று காட்டினார். 'நல்ல ஜீன்' என்கிற பேச்சுக்கு அங்கேயே ஆள் சேர்ந்திருக்கும். ஆனால் 1940களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எச்.எச்.ஃப்ளோர் என்பவர் வேறு ஒன்று செய்தார். ஆளிவிதைச் செடியை மட்டும் பார்க்காமல் அதைத் தாக்குகிற துருநோய்ப் பூஞ்சையையும் கூடவே பரம்பரை பரம்பரையாக வளர்த்துப் பார்த்தார். செடியில் ஒரு எதிர்ப்பு ஜீன் இருந்தால் பூஞ்சையிலும் அதற்கு ஈடான ஒரு ஜீன் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால் செடி பிழைக்கிறது. பூஞ்சை தன் ஜீனை மாற்றிக்கொண்டால் அதே செடி, அதே ஜீன், அதே வயல், ஆனால் செடி சாகிறது.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். எதிர்ப்பு என்பது செடிக்குள் பிறவியிலேயே உட்கார்ந்திருக்கும் மேன்மை அல்ல. அது ஓர் உறவு. யாரை எதிர்க்கிறது, எந்த இடத்தில், எந்தக் காலத்தில் என்று கேட்காமல் ஒரு ஜீனுக்கு உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973இல் ஐ.ஆர்.26 என்ற ரகத்தை வெளியிட்டது. புகையானைத் தாங்கும் என்றார்கள், தாங்கியது. சில ஆண்டுகளிலேயே பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அந்த ஜீனுக்கு அசராத புகையான் பெருகிவிட்டது. நேற்று வரை உயர்ந்த ஜீன், இன்று வெறும் வைக்கோல். ஜீன் மாறவில்லை, எதிரே நின்றவன் மாறினான்.

இன்னொன்று. பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் ஜீன்களில் எக்ஸ்.ஏ.13 என்று ஒன்று. அந்தக் கிருமி நெல்லுக்குள் நுழைந்து, சர்க்கரையை வெளியே விடுகிற ஒரு ஜீனை முடுக்கிவிட்டு, வெளிவரும் சர்க்கரையைத் தின்று கொழுக்கிறது. எக்ஸ்.ஏ.13 உள்ள செடியில் அந்த முடுக்கும் இடம் மாறிப்போயிருக்கிறது. கிருமியின் கை அங்கே பிடிபடவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்து மொழியில் இது 'ஒடுங்கு' ஜீன். அப்பா வழியில் ஒன்றும் அம்மா வழியில் ஒன்றும் என்று இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஓங்கு என்றால் உயர்ந்தது, ஒடுங்கு என்றால் தாழ்ந்தது என்று பத்தாம் வகுப்பில் ஒரு வாத்தியார் எங்களுக்கு விளக்கம் சொன்னார். அது பொய். ஓங்குவது என்றால் வெளியே தெரிவது, அவ்வளவுதான். தெரியாமல் இருப்பது இல்லாமல் போனதாக அர்த்தமில்லை.

சரி, 'சுத்தமான விதை' பேச்சுக்கு வருவோம்.

எங்க அம்மா திருவள்ளூர் பக்கத்துச் சேரி. தாத்தா ஒரு பண்ணையில் படியாள். அம்மா சின்ன வயசில் அந்தப் பண்ணையின் விதைநெல் வயலில் கூலிக்கு இறங்கியிருக்கிறார். பயிர் ஒரே மட்டமாக நிற்க வேண்டும். நடுவில் உயரமாகவோ குட்டையாகவோ வேறு நிறத்திலோ ஒரு தூர் நின்றால் அதைப் பிடுங்கி வரப்பில் போடவேண்டும். அந்தத் தூருக்கு விவசாய ஆபீசர்கள் வைத்திருக்கும் பெயர் 'கலவன்'. விதைச் சான்றளிப்பில் இன்றைக்கும் இதுதான் சொல். "கலவன் பிடுங்க போறோம்னு சொல்லுவாங்கடா. வெயில்ல குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு ஒடிஞ்சிடும்" என்பார் அம்மா. கலந்தது எதுவோ அது பிடுங்கப்பட வேண்டியது. பிடுங்குவதற்கு இறக்கப்பட்டதும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள்தான்.

இப்போது அந்தப் பெரியவருக்கு ஒரு கலவனின் கதையைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912இல் தொடங்கியது. அங்கிருந்து 1921இல் ஜி.இ.பி.24 என்றொரு ரகம் வெளிவந்தது. அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற உத்தியோகப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்த ஜி.இ.பி. அது எங்கிருந்து வந்தது? கோணமணி என்றும் ஆத்தூர் கிச்சிலிச் சம்பா என்றும் சொல்லப்படும் நெல்லுக்கு நடுவே தானாக மாறி நின்ற ஒரு தூர். பிடுங்கி எறியப்பட்டிருக்க வேண்டிய கலவன். எறியாமல் வைத்தார்கள். அதை கோ.18 ரகத்தோடு சேர்த்து, திருவள்ளூர் பக்கத்துத் திரூர்க்குப்பம் நிலையத்தில் டி.கே.எம்.6 ஆக்கினார்கள். 1952இல் வெளிவந்த ரகம். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணமும், பாக்டீரியா இலைக்கருகலை எதிர்க்கிற எக்ஸ்.ஏ.4 என்ற ஜீனும் அதில் இருந்தன. அந்த டி.கே.எம்.6 கடல் தாண்டி பிலிப்பைன்ஸ் போய் 1969இல் ஐ.ஆர்.20 ஆக நம் வயலுக்கே திரும்பி வந்தது. 1976இல் வெளிவந்த ஐ.ஆர்.36இன் வம்சாவளியிலும் டி.கே.எம்.6 இருக்கிறது. அந்த ஐ.ஆர்.36 1980களில் உலகம் முழுக்க ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நின்றது. அதற்கு முன் எந்தப் பயிரின் எந்தத் தனி ரகமும் அவ்வளவு நிலத்தைப் பிடித்ததில்லை என்கிறார்கள். உலகத்துக்குச் சோறு போட்ட அந்தக் குடும்பத்தின் பாட்டன், ஒரு கலவன்.

அதே ஐ.ஆர்.36இன் இன்னொரு பாட்டி யார் தெரியுமா? புல்குட்டை வைரஸ் நோய் தென்கிழக்கு ஆசியாவில் நெல்லை அழித்தபோது நிலையத்தின் சேமிப்பிலிருந்த 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். 'உயர்ந்த' ரகங்கள் எல்லாம் விழுந்தன. தாங்கி நின்றது ஒன்றே ஒன்று: உத்தரப்பிரதேசத்தில் கோண்டா பக்கம் குட்டையோரத்திலிருந்து எடுத்துப்போன ஒரு காட்டு நெல், ஒரைசா நிவாரா. உழவன் பார்த்தால் களை என்று பிடுங்கிப் போடுவான். எக்ஸ்.ஏ.21 என்ற பெயர்பெற்ற இலைக்கருகல் எதிர்ப்பு ஜீன் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. அங்கேயும் நிலம் வைத்திருப்பவனுக்கு அது களை. பேலா என்ற மக்களுக்கு அது சோறு. பேலா யார்? துவாரெக் எசமானர்களிடம் பரம்பரை அடிமைகளாக இருந்தவர்கள்.

'ஒதுக்கப்பட்ட களைதான் உலகத்தைக் காப்பாற்றியது, நாங்களும் அந்தக் களை' என்று ஒரு கவிதை எழுத இந்த இடத்தில் எனக்குக் கை துறுதுறுக்கிறது. எழுதமாட்டேன். நம்மைக் களை என்று ஒத்துக்கொண்டு பெருமைப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. எது களை, எது பயிர் என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. நிலம் யார் கையிலோ, தீர்மானமும் அவன் கையில்.

சுத்தம் என்ன செய்யும் என்பதையும் சாட்சி சொல்லட்டும். 1970இல் அமெரிக்காவில் மக்காச்சோளத்தில் இலைக்கருகல் பரவியது. விதைக் கம்பெனிகள் வேலையைச் சுலபமாக்க ஒரே வகைத் தாய்வழிச் சரக்கை, 'டெக்ஸாஸ்' என்று பெயர், நாட்டின் பெரும்பகுதி வயல்களில் புகுத்தியிருந்தார்கள். எல்லாச் செடியும் ஒன்று. ஒன்றை வீழ்த்தத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லாவற்றையும் வீழ்த்தத் தெரிந்தது. அந்த ஒரு பருவத்தில் நாட்டின் விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு போயிற்று. இதற்கு நேர்மாறாக, சீனாவில் யுன்னான் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான உழவர்கள் குலைநோய்க்குச் சட்டென்று விழும் ஒட்டும் அரிசி ரகத்தைத் தனியே நடாமல் வேறு ரகத்தோடு வரிசை மாற்றி நட்டார்கள். 2000இல் வெளியான முடிவின்படி, கலந்து நட்ட வயலில் அந்த ஒட்டும் அரிசிக்குக் குலைநோய்க் கடுமை 94 விழுக்காடு குறைந்தது, விளைச்சல் 89 விழுக்காடு கூடியது. கலப்புதான் மருந்தாக இருந்தது.

வாண்டர்பிளாங்க் என்ற தென்னாப்பிரிக்க அறிஞர் 1960களில் எதிர்ப்பை இரண்டாகப் பிரித்தார். ஒன்று செங்குத்து எதிர்ப்பு. ஒரே பெரிய ஜீன், ஒரு வகைக் கிருமிக்கு முழுத்தடை, கிருமி மாறினால் மொத்தமாக இடிந்து விழும். இன்னொன்று கிடைமட்ட எதிர்ப்பு. சின்னச் சின்ன ஜீன்கள் பல. ஒன்றும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. நோயை முழுக்கத் தடுக்காது, ஆனால் எல்லா வகையையும் மெதுவாக்கும், எளிதில் இடியாது. செங்குத்தாக அடுக்கியது இடியும், கிடைமட்டமாகக் கைகோத்தது நிற்கும். உவமை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிரூபணம் என்று எடுக்க வேண்டாம். சாதிக்கு எதிரான நிரூபணத்துக்கு நமக்குத் தாவரம் தேவையில்லை. இனத்தூய்மையைக் காக்கத்தான் சாதி என்று வாதாடியவர்களை பாபாசாகேப் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டுவிட்டார். ஒரே வட்டாரத்துப் பார்ப்பனருக்கும் தீண்டத்தகாதவருக்கும் இனத்தில் என்ன வேற்றுமை என்று அவர் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் தரவில்லை. பதில் இல்லாதவன்தான் 'ரத்தம்' என்ற பழைய சொல்லை 'ஜீன்' என்று மாற்றிப் பேசுகிறான்.

இதுவரை ஒரு கூட்டத்தோடு சண்டை. இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் நல்லவர்கள், நம்மைப் பார்த்துச் சிரிப்பவர்கள். அவர்களோடு சண்டை போடுவது இன்னும் கஷ்டம்.

அடையாறில், தி.நகரில், லஸ் பக்கம் இப்போது இயற்கை அங்காடிகள். மண்பானை, செக்கு எண்ணெய், அழகான துணிப்பை. பையில் 'நம் முன்னோர் உண்ட நெல்'. ஒருநாள் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, காட்டுயானம் என்று அடுக்கியிருந்தார்கள். அம்மா காட்டுயானம் பையைக் கையில் எடுத்து விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு என்னிடம் மெதுவாக, "இது ஆள் ஒசரம் நிக்கும்டா. இடுப்பளவு தண்ணில நின்னு அறுக்கணும். யார்ரா இவங்க முன்னோரு? தண்ணில நின்னது யாரு?" என்றார். பையைத் திருப்பி வைத்துவிட்டார்.

நெல் ஜெயராமன் போன்றவர்களை நான் குறை சொல்லவில்லை. 2018இல் மறைந்த அந்த மனிதர் ஊர் ஊராக அலைந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாட்டு ரகங்களை மீட்டார். அந்த உழைப்புக்கு வணக்கம். நான் சொல்வது, அந்த நெல்லைத் துணிப்பையில் போட்டு விற்கும்போது கூடவே விற்கப்படுகிற பழைய கிராமத்தைப் பற்றி. அந்தக் கிராமத்தில் நம் முன்னோர் என்றால் பண்ணையார். படியாள் அந்தப் படத்தில் இல்லை. 'அந்தக் காலத்தில் நோயே கிடையாது, மருந்தே கிடையாது' என்கிறார்கள். கிடையாதா? 1942இல் வங்கத்தில் செம்புள்ளி நோய் விழுந்தது எந்த நெல்லில்? ஐ.ஆர்.8 அப்போது பிறக்கவே இல்லை. எல்லாம் நாட்டு நெல்தான். அடுத்த ஆண்டு பஞ்சம். ஆனால் நோய் மட்டுமே பஞ்சத்தைக் கொண்டுவரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். போர், விலையேற்றம், பதுக்கல், வெள்ளை அரசின் அலட்சியம் எல்லாம் சேர்ந்தன. கொத்துக் கொத்தாகச் செத்தவர்களில் முன்வரிசை நிலமில்லாத கூலிகள் என்று அமர்த்தியா சென் 1981இல் கணக்குப் போட்டுக் காட்டினார். இலங்கையிலும் இதே கதை. 1869இல் காப்பித் துருநோய் தோட்டங்களில் புகுந்தது. இருபது வருஷத்தில் காப்பியே படுத்துவிட்டது. துரைமார் தேயிலைக்கு மாறிப் பிழைத்தார்கள். தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து போன கூலிச் சனத்துக்கு லயத்தில் பட்டினி. பயிருக்கு நோய் வந்தால் முதலில் சாவது பயிர் அல்ல தோழர்களே, கூலிதான்.

மருந்து தெளிப்பதும் அவன்தான். எங்க நைனா சென்னைக்கு வருவதற்கு முன் ஊரில் மருந்தடிக்கப் போனவர். எண்ட்ரின், ஃபாலிடால் என்று அவர் வாயிலிருந்து வரும் பெயர்கள் எனக்குத் தாலாட்டு மாதிரி பழக்கம். முதுகில் டேங்க், இடுப்பில் ஒரு துண்டு, கையுறை இல்லை, முகத்துக்கு ஒன்றுமில்லை. காற்றடிக்கும் திசை பார்த்து நடக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர் போல இன்னொரு கூலிதான். "புகையான் வந்துச்சின்னா ஊர்ல பெரிய மனுசனுக்கு நஷ்டம். எனுக்கு அன்னிக்கி கூலி. ராத்திரி வந்து படுத்தா கண்ணு எரியும், கையி நடுங்கும்" என்பார். எண்ட்ரின் இந்தியாவில் 1990இல் தடை செய்யப்பட்டது. நைனாவின் கை நடுக்கத்தை யாரும் தடை செய்யவில்லை. கடைசி வரை டீ கிளாஸை இரண்டு கையால்தான் பிடித்தார். மருந்துதான் காரணம் என்று எழுதிக் கொடுக்க எந்த டாக்டரும் இல்லை, கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. 2017இல் மராட்டியத்தில் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதைப் பேப்பரில் படித்த அன்று நைனா நினைவுதான்.

ஆகவே நான் தெளிவாகச் சொல்கிறேன். விதைக்குள் ஓர் எதிர்ப்பு ஜீன் இருந்தால் சேரியில் ஒருவன் முதுகில் ஒரு டேங்க் குறைகிறது. இதை அடையாறில் உட்கார்ந்துகொண்டு 'அறிவியல் எல்லாம் விஷம்' என்று ஒரே வாயில் தள்ளிவிட முடியாது. இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. மருந்து அடிக்க அடிக்கப் புகையானைத் தின்னும் சிலந்தி செத்து புகையான்தான் பெருகியது என்று கண்டுகொண்ட பிறகு செய்தது. எதிர்ப்புள்ள விதையும் மருந்துக் குறைப்பும் சேர்ந்தே போகவேண்டும். ஐதராபாத்தில் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து சம்பா மசூரி நெல்லில் எக்ஸ்.ஏ.5, எக்ஸ்.ஏ.13, எக்ஸ்.ஏ.21 என்ற மூன்று ஜீன்களைச் சாதாரணக் கலப்பு மூலமே ஏற்றி 2008இல் வெளியிட்டார்கள். அரசுப் பணத்தில், அரசு நிலையத்தில் நடந்தது. இலைக்கருகலுக்கு உருப்படியான மருந்தே கிடையாது, விதைதான் மருந்து. இது நமக்கு வேண்டும். கம்பெனிக்காரன் கையில் போவதற்கு முன் வேண்டும்.

ஆனால் ஜீன் வந்தால் விடிந்துவிடும் என்று நினைக்கிறவன் தஞ்சாவூரை மறந்தவன். 1960களில் தீவிர வேளாண் திட்டம் என்று தஞ்சை மாவட்டத்தைத்தான் பொறுக்கி எடுத்தார்கள். ஆடுதுறையின் ஏ.டி.டி.27 அங்கே வயல் வயலாகப் பரவியது. அதன் ஒரு பெற்றோர் ஜப்பானின் நோரின் 10, இன்னொன்று அதே நம்ம கலவன் ஜி.இ.பி.24. விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலில் அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டவர்களைத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் தள்ளிக் கொளுத்தினார்கள். 44 உயிர். புதிய விதை வந்தது, பழைய எசமான் அப்படியே இருந்தான். விதை மாறினால் போதாது. வயலின் உறவு மாறவேண்டும். பஞ்சமி நிலத்தைக் கேட்காமல் பாரம்பரிய விதையைப் பற்றிப் பேசுகிறவன் சோற்றைப் பற்றிப் பேசிவிட்டு அடுப்பை மறைக்கிறான்.

கடைசியாகச் சட்டம். தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001. நல்ல சட்டம் என்று சொல்வார்கள், பல விதத்தில் நல்ல சட்டம்தான். விதையைச் சேமிக்க, மீண்டும் விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. நாட்டு ரகங்களைக் காத்தவருக்கு மரபணு நிதியிலிருந்து வெகுமதி என்கிறது. ஆனால் 'உழவர்' யார் என்று அது சொல்லும் வரையறையைப் படியுங்கள். முதலாவது, தானே நிலத்தில் பயிர் செய்பவர். இரண்டாவது, வேறொரு நபரைக் கொண்டு செய்யும் சாகுபடியை நேரடியாக மேற்பார்வை பார்ப்பவர். பார்த்தீர்களா? வரப்பில் குடை பிடித்து நின்றவர் உழவர். சேற்றில் நின்ற எங்க அம்மா 'வேறொரு நபர்'. அவருக்குச் சட்டத்தில் பெயர்கூட இல்லை.

மூன்றாவது பிரிவு ஒன்று இருக்கிறது. தனியாகவோ மற்றவரோடு சேர்ந்தோ காட்டு இனங்களையோ நாட்டு ரகங்களையோ காப்பவர், அவற்றின் பயனுள்ள குணங்களைக் கண்டறிந்து தேர்ந்தெடுத்து மதிப்புக் கூட்டுபவர், அவரும் உழவர். நிலம் வேண்டும் என்று அங்கே எழுதவில்லை. இந்த வாசலைத்தான் நாம் தட்டவேண்டும். "சுத்திலும் கருகிப்போயி நடுவுல ஒண்ணு பச்சையா நின்னா, ஆயா அந்தக் கதிர உருவி முந்தானையில முடிஞ்சிக்கும். அடுத்த நடவுக்கு அத்தத்தான் எடுத்துக் குடுக்கும்" என்று அம்மா சொல்கிறாரே, அதற்குப் பெயர்தான் தேர்வு. பிஃபன் செய்ததும் அதன் தொடர்ச்சிதான். ஆயாவிடம் நோட்டுப் புத்தகம் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் எங்கோ டெல்லியில் இல்லை. தரமணியில் இருக்கிறது, அடையாறிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். எம்.எஸ்.சுவாமிநாதன் 1988இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனமும் அதே தரமணியில். மாணவத் தோழர்களே, ஊருக்குப் போகும்போது சேரியில் வயசான அம்மாக்களிடம் உட்காருங்கள். எந்த நெல் எந்த நோய்க்கு நின்றது, யார் கதிர் எடுத்தார்கள், யார் மருந்தடித்தார்கள் என்று பெயரோடு எழுதுங்கள். உள்ளாட்சிகளில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்று எழுதச் சொல்கிறது 2002ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பதிவேட்டை ஊர்த் தெருவில் மட்டும் உட்கார்ந்து எழுதவிடாதீர்கள்.

நான் வங்கிக்காரன். எனக்குத் தெரிந்த வழியில் சொல்லி முடிக்கிறேன். விதைகளைச் சேமிக்கும் இடத்துக்கு மரபணு வங்கி என்று பெயர். பிலிப்பைன்ஸ் நிலையத்தின் வங்கியில் மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் நெல் மாதிரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ரகத்தின் பெயர், எடுத்த ஊர். எடுத்துக்கொண்டு போனவர் பெயர் இருக்கும். கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. மாலியிலிருந்து வந்த எக்ஸ்.ஏ.21 ஜீனைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1995இல் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள், காப்புரிமை வாங்கினார்கள். விதை கொடுத்த நாட்டுக்குப் பங்கு தர 1996இல் ஒரு நிதியையும் அறிவித்தார்கள். கம்பெனிகள் அந்த ஜீனைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை, நிதிக்கு வரவேண்டிய பணமும் வரவில்லை. டெபாசிட் போட்டவன் பெயர் இல்லாமல் ஒரு வங்கி நடக்குமா? எங்கள் கிளையில் நடந்தால் ஆடிட்டர் கழுத்தைப் பிடிப்பார்.

எங்கள் வங்கித் தொழிலில் ஒரு விதி உண்டு. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். 2014இலிருந்து இதுதான் நடைமுறை. ஆனால் போய்விட்டால் செத்துப்போனது என்று அர்த்தமில்லை. எத்தனை வருஷம் கழித்து வந்தாலும், டெபாசிட்தாரரோ அவர் வாரிசோ வந்து உரிமை கோரினால் வட்டியோடு கணக்குப் பார்த்துக் கொடுத்தாக வேண்டும்.

அந்தப் பெரியவர் அடுத்த மாதமும் பாஸ்புக் பதிய வருவார். பிரிண்டர் ஒழுங்காக வேலை செய்தாலும் இந்த இதழை பாஸ்புக்கோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். 'உங்கள சொல்லல' என்று அவர் சொன்னால், என்னைத்தான் சொன்னீர்கள் ஐயா, என் ஆயாவைச் சொன்னீர்கள் என்பேன். நீங்கள் தின்கிற சோற்றில் அவள் உருவிய கதிர் இருக்கிறது. அவள் போட்ட டெபாசிட் யாருடைய பெயரிலோ கிடக்கிறது. வாரிசு கவுண்டரில் வந்து நிற்கிறான். லெட்ஜரை எடுங்கள்.